கல்லுக்கயிறும் காற்றுக்குழாயும்

முத்தின் வரலாறு நம்மவர்களால் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த மன்னனின் கழுத்தில் எந்த மாலை கிடந்தது, மரக்காயர்கள் எத்தனை வள்ளம் வைத்திருந்தார்கள், போர்த்துக்கேயர் எதைப் பறித்தார்கள், ஒல்லாந்தர் எதைக் குத்தகைக்கு விட்டார்கள் என்பதெல்லாம் கட்டுரைகளாகவும் நூல்களாகவும் வந்துவிட்டன. இந்த எழுத்துக்களில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறாத பொருள் ஒன்று உண்டு. அது கயிறு. குளித்தவரின் காலுக்கும் வள்ளத்தின் விளிம்புக்கும் இடையே ஓடிய கயிறு. பிற்காலத்தில் அதன் இடத்திற்குக் காற்றுக்குழாய் வந்தது. கயிறும் குழாயும் உடம்பின் எந்தப் பக்கத்தால் போக வேண்டும், எங்கே கொளுவ வேண்டும், எங்கே கட்டவே கூடாது என்பது கடலுக்கடியில் உயிரைத் தீர்மானிக்கும் விடயம். நான் எழுத எடுத்துக்கொண்டது அந்தச் சின்ன விடயத்தின் வரலாற்றைத்தான்.

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த விதத்தை 1803இல் வெளிவந்த தன் நூலில் பேர்சிவல் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி விரிவாக எழுதியிருக்கிறார். 1807இல் கோர்டினர் என்ற பாதிரியாரும் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வள்ளத்தின் ஒழுங்கு கண்முன் வருகிறது. வாடைக்கும் சோளகத்திற்கும் இடையில், கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே ஓலைக்கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். நள்ளிரவை அண்டிக் கரைக்காற்று பிடித்து வள்ளங்கள் போகும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். பகல் கடற்காற்றில் எல்லாம் ஒன்றாகத் திரும்பும். ஒரு வள்ளத்தில் குளிப்பவர்கள் பத்துப் பேர். கல்லோ ஐந்துதான். ஐவர் கீழே இருக்கும்போது மற்ற ஐவர் மூச்சு வாங்குவார்கள்.

கல் என்றேன். பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோ வரை வரக்கூடிய, அடி அகன்று தலை ஒடுங்கிய கருங்கல். தலையிலே துளை. துளையில் கயிறு. குளியாள் தன் வலது கால் விரல்களால் அந்தக் கயிற்றைப் பற்றிக்கொள்வார், அல்லது கயிற்றில் போட்ட வளையத்தில் பாதத்தை நுழைத்து மிதித்து நிற்பார். இடது கால் விரல்களில் வலைப்பை. வலது கையில் இன்னொரு கயிறு. இடது கை மூக்கைப் பொத்தியிருக்கும். கயிறு விடப்பட்டதும் கல் அவரை ஐந்து பாகம், எட்டுப் பாகம், சில இடங்களில் பத்துப் பாகம் ஆழத்திற்கு இழுத்துக்கொண்டு போகும். அடியில் கால் பட்ட மறுகணம் அவர் கல்லை விட்டு இறங்கிவிடுவார். மேலே நிற்பவர் கல்லை உடனே தூக்கிவிடுவார். குளியாள் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம், கூடினால் ஒன்றரை நிமிடம் சிப்பி பொறுக்குவார். பிறகு கையிலுள்ள கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். மேலே வந்துவிடுவார். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை.

இந்த வர்ணனையைப் பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குள் இருக்கும் அறிவு தெரியும். கல்லுக்கயிறு காலில் கட்டப்படவில்லை. மிதிக்கப்பட்டது. முடிச்சு இருந்திருந்தால், அடியிலே முடிச்சு இறுகிய ஒருவருக்கு அதை அவிழ்க்க மூச்சு மிஞ்சாது. இறங்குவதற்கான கயிறு ஒன்று, ஏறுவதற்கான கயிறு வேறொன்று என்று இரண்டாக வைத்திருந்ததற்கும் காரணம் உண்டு. ஒன்று பாரில் சிக்கினாலும் மற்றது இருக்கும். கல் உடனடியாக மேலே தூக்கப்பட்டதும் அடுத்தவருக்கு அது தேவை என்பதற்காக மாத்திரமல்ல. அடியில் தளர்ந்து கிடக்கும் கயிறுதான் காலைச் சுற்றும். நமது வலைகாரர்கள் இன்றைக்கும் தளர்ந்த கயிற்றில் கால் வைக்காதே என்றுதான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மேலே நின்று கயிறு பிடித்தவரை ஆங்கிலக் குறிப்புகள் ‘மண்டக்’ என்று எழுதுகின்றன. அவர் குளிப்பதில்லை. கூலியும் குளிப்பவரைவிடக் குறைவு. ஆனால் இரு கயிறுகளும் அவர் கையில்தான் இருந்தன. கீழேயிருந்து வரும் வெட்டு, குளியாளின் இழுப்பா நீரோட்டத்தின் இழுப்பா என்று விரல்களால் பிரித்தறிய வேண்டும். தன்னுடைய ஆளின் கயிறு பக்கத்துக் கயிற்றோடு முறுகாமல் பார்க்க வேண்டும். அண்ணன் குளிக்கத் தம்பி கயிறு பிடித்ததும், தகப்பன் பிடிக்க மகன் குளித்ததும் இப்படியான தொழிலில் இயல்பே. யாரை நம்பி அடிக்குப் போவது என்பது சின்னக் கேள்வியல்லவே.

இதைவிட அதிகமாக எழுத்தில் இடம்பிடித்தவர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுகிறேன் என்று கரையிலே நின்று மந்திரம் ஓதியவர். அவர் இல்லாமல் குளியாட்கள் வள்ளத்தில் ஏற மறுத்ததால் அரசாங்கமே அவரை வைத்திருந்தது. டெனன்ட் 1859இல் எழுதிய நூலில், அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். அவரை நம்பிக் குளித்தவர்களில் சைவர்களும் சோனகர்களும் பரவர்களும் இருந்தார்கள். சுறாவுக்கு மதபேதம் இல்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

கீழக்கரையிலிருந்து வந்த நம்மவர்களோடு பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் மன்னாருக்கு வந்து குளித்தார்கள். அவர்களுடைய மொழியில் குளிப்பவர் கவ்வாஸ், கயிறு பிடிப்பவர் ஸைப், வள்ளத்தின் தலைவர் நாகூதா. இந்த நாகூதா என்ற சொல் நமது பழைய கப்பல்காரர் குடும்பங்களின் பெயர்களோடு ஒட்டிக்கொண்டு இன்றும் கிடக்கிறது. கவ்வாஸ் என்ற சொல்லைக் குர்ஆன் ஓதுகிறவர்கள் ஸூரத்து ஸாதிலே, ஸுலைமான் நபியின் பணியாட்களைப் பற்றிய இடத்தில் கண்டிருப்பார்கள். அரபிக் குளியாள் மூக்கைக் கையால் பொத்துவதில்லை. ஃபித்தாம் என்னும் கொம்புக் கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார். அதனால் அவருக்கு அடியிலே இரண்டு கைகளும் மிச்சம். நம்மவர்கள் அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோதும் முத்துப் பற்றித்தான் பேச்சு. அவர் ஏற்கெனவே வளைகுடாவின் முத்துக்குளிப்பை அறிந்திருந்தார். இரு கடல்களும் ஒரே தொழிலின் இரு கரைகளாக அப்போதே இருந்தன.

1905இல் முந்நூறுக்கு மேற்பட்ட வள்ளங்களும் ஏறத்தாழ ஐயாயிரம் குளியாட்களும் மன்னார்ப் பார்களில் இறங்கினார்கள். அரசாங்கத்திற்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் வந்தது. அடுத்த ஆண்டே முழுப் பாரும் 20 வருடக் குத்தகைக்கு ஒரு கொம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு சிப்பி இல்லாமல் போனதும் கொம்பனி நொடித்ததும் நாம் அறிந்த கதை. 1925க்குப் பின் அந்தப் பெரிய குளிப்பு திரும்பி வரவில்லை. சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் உள்ளிட்ட முசலிப் பிரதேசத்தின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வடக்கின் ஏனைய முஸ்லிம்களோடு சேர்த்து விரட்டப்பட்டார்கள். புத்தளத்து அகதிக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. காணி உறுதியையும் பள்ளிவாசலையும் பற்றி நாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். கயிறு பிடிக்கும் கையின் பழக்கத்திற்கு உறுதி எழுதுவதில்லை. கடலிலிருந்து தள்ளி இருபது வருடம் இருந்த கைக்கு அது மிஞ்சாது.

இனிக் குழாய்க்கு வருவோம்.

மூச்சை அடக்காமல் நீருக்கடியில் இருக்க வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவரும் தமது கிதாபுல் ஹியலில் நூதனக் கருவிகள் பலவற்றை வரைந்தார்கள். நச்சுக்காற்று நிறைந்த கிணற்றில் இறங்குகிறவருக்கு மேலிருந்து காற்றூட்டும் கருவியும், நீரின் அடியிலிருந்து பொருள்களைக் கவ்வி எடுக்கும் இயந்திரமும் அவற்றுள் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி மணிகளைப் பற்றி எழுதிய கிதாபுல் ஜமாஹிரில் முத்துக்கு நீண்ட இடம் கொடுத்தார். தோலால் ஆன குழாயின் மேல் நுனியை நீர்மட்டத்தில் மிதக்கவிட்டு, அதன் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு அடியில் நிற்கலாம் என்று ஒருவர் தனக்குச் சொன்னதையும் அதில் பதிந்து வைத்தார்.

அவர் பதிந்தது ஒரு கேள்வி ஞானம். ஆழக் கடலில் அது நடக்காது. இதை வகுப்பிலே பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது எனக்குப் பிடித்தமான பாடம். ஒரு மீற்றர் ஆழத்தில் நீர் நமது மார்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் 100 கிராம் பாரத்தால் கூடுதலாக அழுத்துகிறது. முழு மார்புக்கும் கணக்குப் பார்த்தால் ஓர் ஆளையே தூக்கி நெஞ்சில் வைத்ததுபோல. குழாய்க்குள் இருக்கும் காற்றோ மேலேயுள்ள சாதாரணக் காற்று. அதை உள்ளே இழுக்க மார்புத் தசைகளுக்கு வலு கிடையாது. பத்து மீற்றரில் முடியவே முடியாது. ஆகவே வெறுங்குழாய் போதாது. கீழேயுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தோடு காற்றும் வந்தாக வேண்டும்.

அதைச் செய்தது பம்பு. 1830களில் ஜேர்மனியில் பிறந்து இலண்டனில் தொழில் செய்த சீப என்பவர் செப்புத் தலைக்கவசத்தையும் நீர்புகா உடுப்பையும் இணைத்தார். மேலே வள்ளத்தில் நின்று பம்பை அடிப்பார்கள். காற்று குழாய் வழியே கவசத்திற்குப் போகும். நமது விடயம் இங்கேதான் மறுபடி தலைகாட்டுகிறது. குழாய் கவசத்தின் பின்புறத்தில் பூட்டப்பட்டது. அதை அப்படியே மேலே போகவிட்டால் வள்ளம் அசையும்போதெல்லாம் தலை பின்னால் இழுபடும். ஆகவே குழாயை இடது கக்கத்தின் கீழால் முன்னுக்குக் கொண்டுவந்து நெஞ்சுப் பட்டையில் கயிற்றால் கட்டினார்கள். உயிர்க்கயிறு வலது கக்கத்தின் கீழால் வந்தது. இழுப்பு தலையில் விழாமல் உடம்பில் விழும். இரண்டும் கைக்கு எட்டும். இருட்டிலும் எது எந்தப் பக்கம் என்று தெரியும். கயிற்றில் நான்கு இழுப்பு என்றால் மேலே தூக்கு. கப்பலின் உள்ளே போனவர் போன வழியாலேயே திரும்பி வர வேண்டும், வேறு கதவால் வரக்கூடாது, குழாய் வளைந்து அகப்படும். குழாய் அறுந்தால் கவசத்துக் காற்று வெளியே ஓடிவிடாமல் இருக்க ஒருவழி அடைப்பானும் வைத்தார்கள். அது இல்லாத நாளில் குழாய் அறுந்தவர்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுத மனம் வரவில்லை.

கயிறும் குழாயும் மன்னார்க் கடலில் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தது ஒரு நாவலில் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். பிரெஞ்சுக்காரர்களான ரூக்கெய்ரோலும் டெனெய்ரூஸும் 1860களில் முதுகில் காற்றுக்கலம் சுமந்து, மூச்சு இழுக்கும்போது மாத்திரம் காற்று தரும் கருவியொன்றைச் செய்தார்கள். ஜூல் வேர்ண் தனது கடலடி நாவலில் கப்டன் நெமோவுக்கு அதை மாட்டி மன்னார் முத்துப் பாருக்கே அழைத்து வருகிறார். அங்கே கல்லை மிதித்துக்கொண்டு இறங்கும் ஏழைக் குளியாள் ஒருவரைச் சுறாவிடமிருந்து நெமோ காப்பாற்றி, ஒரு பை முத்தும் கொடுத்துவிட்டுப் போகிறார். வேர்ண் மன்னாரைப் பார்த்தவரல்லர். புத்தகங்களைப் படித்தே எழுதினார். கல்லையும் கயிற்றையும் ஓரளவு சரியாகவே எழுதியிருக்கிறார். மேலே நின்று கயிறு பிடிப்பவர் மட்டும் அங்கே இல்லை. அவருடைய குளியாள் தனியாக வந்து, தானே இறங்கி, தானே ஏறுகிறார்.

நாவலில் வந்தது நடைமுறையில் கைகூட இன்னும் முக்கால் நூற்றாண்டு சென்றது. 1942இன் முடிவில், ஜேர்மனியர் பிடித்திருந்த பாரிஸில், பெற்றோல் இல்லாமல் வாயுவில் கார் ஓட்டுவதற்கென்று எமில் கான்யான் என்ற பொறியியலாளர் ஓர் அடைப்பானைத் திருத்திக்கொண்டிருந்தார். அதைச் சுழியோடிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டு வந்தவர் கடற்படை அதிகாரியான கூஸ்டோ. 1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் பரீட்சித்தார்கள். கிடையாக நீந்தினால் சரி. எழுந்து நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழானால் மூச்சு வரவில்லை. ஏமாந்து திரும்புகிற வழியில்தான் காரணம் பிடிபட்டது. வெளிமூச்சு போகும் வாய் ஓர் உயரத்திலும், காற்றை அளந்துவிடும் சவ்வு வேறோர் உயரத்திலும் இருந்தன. உடம்பு திரும்பும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையில் நீரின் அழுத்தம் மாறியது. வெளிமூச்சுக் குழாயை வளைத்து முதுகிலுள்ள சவ்வுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் முடித்தார்கள். பிழை தீர்ந்தது. பழைய படங்களில் சுழியோடியின் வாயின் இரு பக்கமும் யானைத் தும்பிக்கைபோல இரண்டு தடித்த குழாய்கள் பின்னுக்குப் போவதைக் கண்டிருப்பீர்கள். வலது பக்கத்தால் காற்று வரும், இடது பக்கத்தால் போகும். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் இடது பக்கம் சரிந்து படுத்து ஊதுவார்கள். குழாய் போகும் வழியை மாற்றியதால்தான் அந்தக் கருவி கருவியாயிற்று.

இந்த இரட்டைக் குழாய்க் கருவியை நமது கடல்களில் பேர் பெறச் செய்தவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். 1956இல் திருகோணமலையில் சுவாமி மலையின் அடியில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்றூண்களைக் கண்டார்கள். அதைவிட நமது வாசகர்களுக்கு நெருக்கமானது 1961 மார்ச்சில் நடந்தது. பொத்துவில், பாணமை, ஒக்கந்தை, குமுக்கன் ஆறு என்று நமது கரையால் தெற்கே போய், யால காட்டையும் தாண்டினால் கிரிந்த. அங்கே மலாயர்களின் பழைய குடியிருப்பு உண்டு. அதற்கு நேரே கடலில் இராவணன் கோட்டை என்று பெயர் பெற்ற பார். 1873இல் கட்டிய வெளிச்சவீடு அதில் நிற்கிறது. வில்சனும் அவரோடு போன இரண்டு பையன்களும் அங்கே பவளத்தோடு ஒட்டிக் கிடந்த வெள்ளிக் கட்டிகளைக் கண்டெடுத்தார்கள். ஒவ்வொரு கட்டியும் ஏறத்தாழ ஆயிரம் வெள்ளி ரூபா நாணயங்கள். பை உக்கிப் போக, பையின் வடிவத்திலேயே நாணயங்கள் ஒட்டிக் கிடந்தன. ஹிஜ்ரி 1113, சூரத் அக்கசாலை, ஆலம்கீர் ஔரங்கசீப்பின் பெயர் பாரசீக எழுத்தில். கப்பலின் பெயர் இன்றுவரை தெளிவாகவில்லை. 1963இல் கடலடித் தொல்லியலாளர் பீட்டர் துரொக்மோர்ட்டனும் வந்து சேர்ந்துகொண்டார். அந்தப் பாரில் அலை அடங்கும் நாட்கள் வருடத்தில் சில வாரங்களே. நீரோட்டம் ஆளைத் தூக்கி எறியும் இடத்தில், பவளக் கொம்புகளுக்கிடையே நிற்பவரின் மேனியில் எது தொங்கினாலும் அது கொளுவும்.

அதற்குள் குழாய் ஒன்றாகிவிட்டிருந்தது. 1952இல் மெல்பேர்னில் டெட் எல்ட்ரெட் என்பவர் ரெகியுலேற்றரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி சிலிண்டரின் தலையில். அது 200 மடங்கு அழுத்தத்தைப் பத்து அளவுக்குக் குறைக்கும். மறுபாதி வாயில். அது மூச்சுக்கேற்ப அளந்து தரும். இடையில் மெல்லிய குழாய் ஒன்று, வலது தோளின் மேலால். தும்பிக்கைகள் போயின. எளிமையாகிவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவுமானிக்கு ஒரு குழாய். மிதவைச் சட்டைக்கு ஒரு குழாய். துணைக்கு வருபவருக்குக் காற்று முடிந்தால் கொடுக்க இரண்டாவது வாய்க்கவ்வி, அதற்கொரு குழாய். அதற்கு முன்னர் ஒரே வாய்க்கவ்வியை இருவர் மாறி மாறிக் கடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். பதற்றத்தில் யார் திருப்பிக் கொடுப்பார்? இப்போது சுழியோடியின் பிடரியில் எட்டுக்காலிக் கணவாயைப்போல நாலு குழாய். அந்த மேலதிக வாய்க்கவ்விக்குப் பெயரே ‘ஒக்டோபஸ்’.

இந்த நாலையும் கொண்டுபோகும் ஒழுங்கு பெரும்பாலும் விபத்துக்களால் எழுதப்பட்டது. மூச்சுக்குரியவை இரண்டும் வலது தோளால். அளவுமானியும் சட்டைக் காற்றும் இடது பக்கத்தால். இருட்டில் கை போனால் பக்கத்தை வைத்தே எது என்று தெரிய வேண்டும். அளவுமானி இடது அக்குளின் கீழால் வந்து இடுப்பு வளையத்தில் கொளுவியிருக்க வேண்டும். தொங்கினால் பாரில் அடிபடும், வலையில் மாட்டும். இரண்டாவது வாய்க்கவ்வி நாடிக்கும் விலாவுக்கும் இடையில், பார்த்த மாத்திரத்தில் தெரியும் மஞ்சள் நிறத்தில், ஓர் இழுப்பில் கழன்று வரும்படி இருக்க வேண்டும். குழாய் அளவுக்கு மிஞ்சி நீண்டால் தோளுக்கு வெளியே வில்லாக வளைந்து நிற்கும். குறைந்தால் தலையைத் திருப்பும்போது வாய்க்கவ்வி பற்களிலிருந்து இழுபடும். குழாய் உலோகத்தோடு சேரும் கழுத்தில் கூரான மடிப்பு விழக்கூடாது. வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னல் உறை போட்ட சில குழாய்களின் உள்வரி சூட்டில் கெட்டு, படிகமாகப் பொரிந்து, காற்றின் வழியை அடைத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் புதுசு. சிலிண்டரையும் ரெகியுலேற்றரையும் வெயிலில் போட்ட வள்ளத்தில் கிடத்துகிறவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

புளோரிடாவின் நீரடிக் குகைகளில் சுழியோடியவர்கள் இந்த ஒழுங்கையும் மாற்றினார்கள். ஷெக் எக்ஸ்லி போன்றவர்கள் தமது நண்பர்களின் சடலங்களைக் குகைகளிலிருந்து எடுத்து எடுத்துக் கற்ற பாடம் அது. காற்று முடிந்தவர் மரியாதையாகச் சைகை காட்டிக்கொண்டு நிற்கமாட்டார். உங்கள் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவார், ஏனெனில் அதில் காற்று வருகிறது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே வாயில் இருப்பதே கொடுப்பதற்கானது என்று வைத்தார்கள். அதன் குழாய் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளம். வலது இடுப்புவரை இறங்கி, நெஞ்சைக் குறுக்காகக் கடந்து, கழுத்தின் பின்னால் சுற்றி வாய்க்கு வரும். தலையைச் சற்றுக் குனிந்து நீட்டினால் முழுவதும் கழன்று மற்றவரிடம் போய்விடும். ஒடுக்கமான வழியில் ஒருவர் பின் ஒருவராக நீந்தலாம். தமக்கென்று ஒரு குட்டை வாய்க்கவ்வி கழுத்து நாடாவில் தொங்கும். கை இல்லாமலே வாயால் கவ்விக்கொள்ளலாம். எக்ஸ்லி 1994இல் மெக்சிக்கோவில் ஒரு நீர்க்குழியில் இறந்தார். அவர்களுடைய குழாய் ஒழுங்கு இன்று கடலிலும் பலரால் பின்பற்றப்படுகிறது.

நமக்குக் கிட்டவே அந்த ஒழுங்கைக் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு நேரே கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. கப்பலோடு போனவர்கள் 307 பேர். அது ஐம்பது மீற்றரை அண்டிய ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்கு. மேலே இரண்டு மணித்தியாலம் வரும் ஒரு சிலிண்டர் அங்கே இருபது நிமிடத்திற்கே. போர் முடிந்த 2009க்குப் பின் வெளிநாட்டுச் சுழியோடிகள் அதிகம் வருகிறார்கள். எண்பது வருடமாக மீன்பிடித்த கரையில் ஒரு கப்பல் கிடந்தால் அதில் என்ன சேரும்? வலை, தூண்டில் நரம்பு, நங்கூரக் கயிறு. அத்தனையும் நம்மவர்களின் இழப்பு, அங்கே இறங்குகிறவர்களுக்குப் பொறி.

வெளிநாட்டார் பயிற்சியோடு வருகிறார்கள். என் கவலை நமது பிள்ளைகளைப் பற்றியது. கடலட்டைக்கும் சங்குக்கும் விலை ஏறிய பிறகு கிழக்கின் இளைஞர்களும் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். என்னிடம் படித்த ஒருவன் தன் சாமான்களைக் கொண்டுவந்து காட்டினான். பழைய சிலிண்டர். வாருக்குப் பதில் நைலோன் கயிறு. ரெகியுலேற்றரில் குழாய் ஒன்றே ஒன்று, இன்னொருவரின் சாமானிலிருந்து கழற்றிப் போட்டது, அரை முழம் நீளம் கூட. அளவுமானி இல்லை.

“காத்து முடியிறது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“இழுவை இறுகும் சேர். இறுகினா மேல வந்திருவம்.”

பதினெட்டு மீற்றரில் கல்லிடுக்கில் கிடந்த அறுந்த வலையொன்று அவனுடைய குழாயின் வளைவைப் பிடித்துக்கொண்டதாம். திரும்பத் திரும்ப இன்னும் சுற்றியது. கத்தி காலில் இருந்தது, கை எட்டவில்லை. கடைசியில் நெஞ்சுக் கயிற்றின் நுனியை இழுத்திருக்கிறான். முடிச்சு உருவிக்கொண்டு விட்டது. சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு, ஊதிக்கொண்டே மேலே வந்திருக்கிறான். மூச்சை அடக்கிக்கொண்டு வந்திருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, பயத்தில் கத்திக்கொண்டு வந்ததால் பிழைத்தான். அந்த உருவு முடிச்சை எங்கே பழகினாய் என்று கேட்டேன். “மூத்தவாப்பா போடுற முடிச்சு சேர். தோணியில எதையும் இறுக்கிக் கட்டப்படாதெண்டு சொல்லுவார்.”

குழாயைக் கழற்றி நீளம் அளந்து காட்டினேன். இப்போது அளவான குழாய் போட்டிருக்கிறான், வலது கக்கத்தின் கீழால் வாய்க்கு வருகிறது, தோளில் வளைவு இல்லை. அளவுமானி ஒன்றும் வாங்கி இடுப்பில் கொளுவிவிடுகிறான். இரண்டாவது வாய்க்கவ்வி மட்டும் இன்னும் இல்லை. கூடப் போகிறவன் பாதிக் காசு தரட்டும் என்கிறான். அவனோ, தனக்கு இதுவரை காத்து முடிந்ததில்லை என்கிறானாம்.